ஓநாய் இல்லாத தீவில் நரி

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம் என்ற பழமொழி கரவெட்டியிலும் பருத்தித்துறையிலும் எல்லார் வாயிலும் வரும். ஆனால் இலங்கைக் காடுகளில் ஓநாய் கிடையாது. நாய்க் குடும்பத்துக் காட்டு விலங்கென்று இத்தீவில் இருப்பது நரி ஒன்றுதான். கண்ணால் காணாத ஓநாயின் கெட்ட பெயரையும் சேர்த்து அதன் தலையில் கட்டிவிட்டோம். காகத்தை ஏமாற்றி வடை தின்ற கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். வஞ்சகனைக் குள்ளநரி என்று ஏசுகிறோம். போதாததற்கு நரிக்கொம்பு ஆசை வேறு. அதை வைத்திருந்தால் நினைத்தது நடக்கும் என்று இங்குள்ளவர்கள் நம்புவதை, இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1861இல் வெளியான தமது நூலிலேயே எழுதியிருக்கிறார். அந்த நம்பிக்கைக்காக நரிகள் கொல்லப்படுவது பெரும் கொடுமை.

நரியை நாங்கள் எடைபோட வேண்டியது அது செய்யும் வேலையை வைத்து. எலி, செத்த விலங்கு, இறைச்சிக் கழிவு, விழுந்த பழம் என்று கிடைத்ததைத் தின்று வாழும் பிராணி அது. சேர்பியா நாட்டில் இதே இன நரிகளின் உணவை ஆராய்ந்தவர்கள் 2016இல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: ஆண்டொன்றுக்கு 3,700 தொன்னுக்கு மேற்பட்ட விலங்குக் கழிவையும், பயிரை அழிக்கும் எலியினங்களில் ஏறத்தாழ 1 கோடியே 32 இலட்சத்தையும் அவை அகற்றுகின்றன. அந்த எண் எங்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் நெல்லும் வெங்காயமும் விளைவிக்கும் ஊருக்கு, எலி தின்னும் விலங்கு பகையாளியாக இருக்க முடியாது.

"ஆட்டுக்குட்டியை இழந்தவனிடம் வந்து இதைச் சொல்லுங்கள்" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஓரிரண்டு ஆட்டை நம்பிச் சீவிக்கும் வீட்டுக்கு ஒரு குட்டி போவது பெரிய அடி. அதற்கு இழப்பீடு கிடைக்க வழி வேண்டும் என்றே நானும் சொல்வேன். ஆனால் குட்டியைக் கடித்தது யார் என்று முதலில் பார்க்க வேண்டும். விடியக் கொட்டிலுக்குப் போகும்போது நாலைந்து ஆடுகளின் பின்னங்காலும் காதும் கிழிந்து, இறைச்சி பெரும்பாலும் தின்னப்படாமல் கிடந்தால், அது கட்டாக்காலி நாய்க் கூட்டத்தின் வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நரி பசிக்கு வருவது. கோழியையோ இளங்குட்டியையோ கவ்விக்கொண்டு மறைவுக்குப் போய்விடும். இரவில் கொட்டிலை நெருக்கமாக அடைத்து வைத்தால் இரண்டுக்கும் காவல்.

விசர் நோயைச் சொல்லிப் பயப்படுவோரும் உண்டு. நரிக்கும் அந்நோய் வரும், கடிபட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடத்தான் வேண்டும். ஆனால் உலகில் மனிதருக்கு விசர் நோய் தொற்றுவதில் 99 வீதம்வரை நாயால்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நரியைத் தேடி அடிப்பதைவிட ஊர் நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதே ஊரைக் காக்கும்.

பயமெல்லாம் வெறுங்கதை என்று நான் சொல்ல வரவில்லை. 2024இல் உத்தரப் பிரதேசத்தின் பஹ்ரைச் மாவட்டத்தில் ஓநாய்த் தாக்குதல்களில் குழந்தைகள் இறந்தார்கள். அங்கே வனத்துறை இறங்கி ஓநாய்களைப் பிடித்தது சரிதான். எங்கள் பக்கத்தில் 2018 ஜூனில், கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஒரு சிறுத்தை பலரைக் காயப்படுத்தியது. சனம் கூடி அதை அடித்தே கொன்றது. கைத்தொலைபேசியில் படமும் எடுத்தது. காயப்பட்டவர்களின் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தக் கோபம் ஊரில் ஒருவரையும் பாதுகாக்கவில்லை. மயக்க ஊசியோடு பயிற்சி பெற்றவர்கள் நேரத்துக்கு வந்து சேர்வதுதான் அடுத்தமுறை மனிதரையும் காக்கும், விலங்கையும் காக்கும். அதைத்தான் நாங்கள் அதிகாரிகளிடம் உரத்துக் கேட்க வேண்டும்.

நரி விடயத்தில் அவ்வளவுகூடத் தேவையில்லை. செத்த ஆட்டில் பூச்சிமருந்தைத் தடவிப் பனங்காணியில் போடும் வழக்கத்தை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும். அந்த இறைச்சியைப் பக்கத்து வளவு நாயும் தின்னும், பூனையும் தின்னும், காகமும் கொத்தும்.