ஆடவர் தோளில் பை



காலை எட்டரை மணியளவில் பிள்ளைச்சாவடிப் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர் எவரும் ஒன்றைக் காணத் தவறார். அங்கே வெறுங்கையோடு இறங்கும் ஆடவர் அரியர். 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தோன்றிப் பின்னர்ப் புதுவைத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனத்திற்குச் செல்லும் இளைஞர் முதுகில் இரட்டைவார்ப் பை. அருகே காலாப்பட்டில் 1985இல் அமைந்த பல்கலைக்கழகத்திற்குச் செல்லும் அலுவலர் கையில் சாப்பாட்டுப் பை. கட்டட வேலைக்கு வரும் கொத்தனாரின் ஒயர்க்கூடையில் கரண்டியும் ரசமட்டமும் தூக்குக்குண்டும், அவற்றுக்கு மேலே மடித்து வைத்த மாற்றுச் சட்டையும். சாவடி என்பது வழிச்செல்வோர் சுமையை இறக்கி இளைப்பாறும் இடம். அப்பெயரைத் தாங்கிய ஊரில் நின்று ஆடவரின் பையைப் பற்றி எண்ணுவது பொருத்தமுடையதே.

தமிழ் ஆடவனின் பழைய உடை பையை வேண்டாத உடை. வேட்டியின் மடியே அவனுக்குப் பணப்பை. துண்டின் முனையே அவனுக்கு முடிச்சு. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்னும் பழமொழி, பொருள் எங்கே இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. சட்டை வந்தபின் சட்டைப்பை வந்தது. அதுவும் உடையோடு தைத்த பையே அன்றித் தனியே எடுத்துச் செல்வதன்று. தனியே பை சுமந்தவன் யார் என்று கேட்டால், விடை சற்றுக் கசப்பானது. தொழிலாளியும் இரவலனுமே சுமந்தனர். அரசனும் பெருநிலக்கிழாரும் வெற்றிலை மெல்லுவர். வெற்றிலைப் பையாகிய அடைப்பையைத் தூக்க அடைப்பைக்காரன் ஒருவன் பின்னால் வருவான். நாவிதரின் கருவிப்பைக்கு அடைப்பம் என்று பெயர். துறவியும் இரவலனும் தோளில் தொங்கவிட்டது பொக்கணம். பின்னாளில் தபால்காரரின் காக்கிப் பையும் பேருந்து நடத்துநரின் தோற்பையும் இவ்வரிசையில் சேர்ந்தன. கை எவ்வளவு வெறுமையாக இருக்கிறதோ அவ்வளவு பெரிய மனிதன் என்பது நம் சமூகத்தின் எழுதாச் சட்டம். வழக்கறிஞரின் கட்டுகளைக் குமாஸ்தா சுமந்தார். மருத்துவரின் பெட்டியை உதவியாள் சுமந்தான். இன்றும் உயர் அலுவலர் ஒருவர் காரைவிட்டு இறங்கினால் அவர் பை எவர் கையில் இறங்குகிறது என்பதைப் பார்த்தால் போதும்.

ஆயினும் இவ்வரிசையில் சொல்லாது விட்ட ஒருவர் உண்டு. அவர் பாணர். சங்க இலக்கியத்தில் கலப்பை என்றொரு சொல் வருகிறது. கலம் என்பது இங்கு இசைக்கருவி. கலத்தை வைக்கும் பை கலப்பை. இன்று இச்சொல் உழுகருவிக்கே உரியதாகிவிட்டமையால், வகுப்பறையில் முதன்முறை கேட்கும் மாணவர், பாணன் ஏரைத் தூக்கிக்கொண்டா நடந்தான் என்று மயங்குவதுண்டு. மலைபடுகடாம், நன்னனை நாடிச் செல்லும் கூத்தரின் பைகளைக் காட்டியே தொடங்குகிறது. முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, குழல் எனக் கருவிகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவற்றைக் கட்டித் தூக்கிய பைகள் கார்காலத்துப் பலாமரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குவதுபோல் இருந்தன என்கிறார் பெருங்கௌசிகனார். செங்கம் மலைநாட்டுக்குச் சென்ற கூத்தர் அவர்கள். சிறுபாணாற்றுப்படையின் பாணனுக்கோ நம் கடற்கரையே வழி. அப்பாட்டில் வரும் எயிற்பட்டினம், இதே சாலையில் வடக்கே உள்ள மரக்காணம் என அறிஞர் கொள்வர். அவன் தோளில் தொங்கிய சீறியாழ், பிள்ளைச்சாவடிக்கு மிகத் தொலைவில்லாத மணலில் நடந்திருக்கிறது எனலாம்.

பையின் உண்மைப் பொருளை உணர்த்துவது புறநானூற்று 206ஆம் பாடல். அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தரக் காலம் தாழ்த்துகிறான். ஔவையார் அரசனிடம் பேசவில்லை, வாயிற்காவலனிடம் பேசுகிறார். அஞ்சி தன்னை அறியானா, எம்மை அறியானா என்று கேட்டு, அறிவும் புகழும் உடையோர் மாய்ந்து போய் உலகம் வெறுமையாகிவிடவில்லை என்கிறார். பிறகு, கலங்களைக் காவினோம், கலப்பையைக் கட்டினோம் என்று புறப்பட நிற்கிறார். கைத்தொழில் வல்ல தச்சனின் பிள்ளைகள் கோடாரியோடு காட்டுக்குள் போனால் எந்த மரமும் அவர்களுக்கு உதவுமன்றோ? அதுபோல எத்திசைச் செல்லினும் சோறு உண்டு என்பது அவர் வாதம். இங்கே பை வெறும் பொருள்வைக்கும் கருவியன்று. கருவி தன் தோளில் இருப்பவனே வாயிலை விட்டு நீங்க முடியும். கருவி அரண்மனையில் இருந்தால் அவனும் அரண்மனையிலேயே இருக்க வேண்டும். ஆடவரின் பையைப் பற்றிய பேச்சில் இதைக் கட்டிச் சென்றவர் ஒரு பெண்பாற் புலவர் என்பதை இடையே சொல்லிவைப்பது தவறாகாது.

இருபதாம் நூற்றாண்டில் இக்கலப்பை மீண்டும் தோளேறியது. சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கினார். அது 1970 வரை வந்தது. தாம் வெளியிட்ட நூல்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாக, ஊர் ஊராகச் சென்று விற்றவர் அவர். விற்பனையாளனுக்குரிய சுமையை ஓர் ஆசிரியரே தூக்குவதை இழிவாக அவர் கருதவில்லை. பரிசுகளை நாடாதவர், வந்தவற்றையும் மறுத்தவர் என்னும் பெயர் அவருக்கு உண்டு. தோளில் இருந்த சுமைக்கும் அம்மறுப்புக்கும் தொடர்பில்லை என்று சொல்வதற்கில்லை. சாகித்திய அகாதெமி விருது 2001இல் அவர் பெயருக்கு வந்தபோது அவர் மறைந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன.

அவரை அடுத்து வந்த தலைமுறையின் அடையாளம் ஜோல்னாப் பை. வடநாட்டு ஜோலாவே தமிழில் ஜோல்னா ஆயிற்று. கதர் இயக்கமும் இடதுசாரி இயக்கமும் சிற்றிதழ் இயக்கமும் இதனைத் தமக்குரியதாக்கிக்கொண்டன. இரவலனின் பொக்கணத்தைப் படித்த இளைஞன் விரும்பி எடுத்து மாட்டிக்கொண்டான். ஏளனமும் கூடவே வந்தது. திரைப்படத்தில் கவிஞன் என்றால் தாடியும் ஜோல்னாப் பையும் என்றாயிற்று. ஏளனத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். அப்பைக்குள் என்ன இருக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. எழுதாத நோட்டும், விற்காத இதழும், இரவல் நூலும் இருந்தவரை அது கலப்பை. விருதுக்கான விண்ணப்பமும் தன்விவரக் குறிப்பும் நிழற்படமும் ஏறியபின் அது வாயிலில் காத்திருப்பவனின் பை. மேடையில் போர்த்திய பொன்னாடைகளைக் கொண்டுசெல்லவே பை எடுத்துவரும் வழக்கமும் தோன்றியிருக்கிறது. பாவலர் நிறைந்த இவ்வவையில் இதைச் சொல்வதில் பிழையில்லை, இங்குள்ளோர் அறியாததன்று.

பையின் மேல் எவர் பெயர் இருக்கிறது என்பதும் நோக்கத்தக்கது. மஞ்சப்பையில் ஜவுளிக்கடையின் பெயரோ மணமக்களின் பெயரோ இருக்கும். சிற்றூரிலிருந்து நகரத்திற்கு வருபவனின் அடையாளமாக அதனை எள்ளி நகையாடியது ஒரு காலம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் நாள் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கிற்குத் தடை வந்தது; 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே இயக்கம் தொடங்கியது. நகைப்புக்கிடமான பை இவ்வாறு நற்சான்று பெற்றது. கருத்தரங்கப் பையில் கருத்தரங்கின் பெயர். மென்பொருள் பணியாளர் பையில் நிறுவனத்தின் பெயர். இன்று சாலையில் ஆடவர் முதுகில் காணும் பைகளுள் மிகப் பெரியது உணவு கொண்டு சேர்க்கும் இளைஞனின் சதுரப் பை. அதில் அவனுடைய பொருள் ஒன்றும் இல்லை. அவன் உண்ணும் சோறும் அதில் இல்லை.

புதுவையில் பைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. பிரெஞ்சு இந்தியாவுக்கும் இந்தியாவுக்கும் இடையிலிருந்த சுங்க ஒப்பந்தம் 1949இல் முடிவுற்றபின், 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி மாறும் வரை, எல்லை கடந்தவன் பையைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. ஆட்சி மாறியும் அவ்வழக்கம் முற்றும் நீங்கவில்லை. நகரிலிருந்து பிள்ளைச்சாவடிக்கு வருவோர் கோட்டக்குப்பம் வழியே தமிழ்நாட்டுக்குள் புகுந்து மீண்டும் புதுவைப் பகுதிக்குள் வர வேண்டும். மதுப்புட்டி உண்டோ என்று மதுவிலக்குக் காவலர் ஆடவர் பைகளையே முதலில் பார்ப்பர். கையில் பையுள்ள ஆண் ஐயத்திற்குரியவன். பெண்ணின் பை பெரும்பாலும் தப்பிவிடும்.

அப்பெண்ணின் பைக்குள் இருப்பவை யாருடையவை? கணவரின் மூக்குக்கண்ணாடி, அவர் மாத்திரை, இருவருக்குமான பயணச்சீட்டு, பிள்ளையின் தண்ணீர்ப் புட்டி. வெறுங்கை வீசி முன்னே நடப்பவரின் பெருமையைப் பின்னே வருபவர் தோள் தாங்குகிறது. பழைய அடைப்பைக்காரனின் பணி வீட்டுக்குள் ஆள் மாறியிருக்கிறது, அவ்வளவே. பிள்ளைச்சாவடி நிறுத்தத்தில் தம் சோற்றைத் தாமே சுமந்து இறங்கும் ஆடவர் அந்த அளவில் பாராட்டுக்குரியர்.

அந்நிறுத்தத்திலிருந்து கிழக்கே சிறிது நடந்தால் மீனவர் குடியிருப்பு, அதற்கப்பால் கடல். 1980களின் பிற்பகுதியில் புதுவைத் துறைமுகத்திற்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்துவிட்டன. மணல் வராத வடகரையைக் கடல் அரிக்கத் தொடங்கியது. நகரின் கடற்கரையை முதலில் தின்று, கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் எனப் படிப்படியாக வடக்கே ஏறிப் பிள்ளைச்சாவடியின் வீடுகளையும் அது எட்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையையும் 2011 டிசம்பர் 30இல் தானே புயலையும் கண்ட கரை இது. இத்தகைய கரையில் வாழும் குடும்பங்கள் எளிதில் எடுக்கும் இடத்தில் ஒரு பையை வைத்திருப்பது வியப்பன்று. குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ், படகின் பதிவுத்தாள் ஆகியவை அதில் இருக்கும். ஔவையார் கட்டியது போக விரும்பியவரின் பை. இது போக விரும்பாதவரின் பை. ஆடவர் கடலுக்குள் இருக்கும் நேரத்தில் அலை ஏறினால் அதை எடுத்து ஓடுபவர் வீட்டுப் பெண்ணே. அதற்குள் மனைப்பட்டாவும் இருக்கும். பட்டாவில் எழுதிய மனை கடலுக்குள் போய்விட்ட வீட்டாரும் அத்தாளை எறிந்துவிடுவதில்லை. மடித்துப் பைக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்.