அசைவுக்குக் காரணம் வேண்டும்

ஒலிப்பதிவுக் கூடங்களில் பணிபுரிவோரும் இசையமைப்பாளர்களும் ஒலியியல் ஆய்வாளர்களும் சேர்ந்து அமர்ந்திருக்கும் இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்கும் வாய்ப்பைத் தந்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி.

கோரஸ், ஃபிளாஞ்சர், ஃபேசர், ஆட்டோ-வா என்று நாம் மிக்ஸிங்கில் எடுத்தாளும் எஃபெக்ட்கள் எல்லாம் ஒலிக்கு அசைவைத் தருபவை. அந்த அசைவை ஆட்டுவிப்பது எது என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்கும் கேள்வி. பாட்டைப் பற்றி ஒன்றும் அறியாத மின்சுற்று ஆட்டுவிக்கிறதா, பாடுபவரின் மூச்சும் வாசிப்பவரின் விரலும் ஆட்டுவிக்கின்றனவா? நான் இரண்டாவதன் பக்கம்.

1966இல் லண்டன் ஆபி ரோட்டில் இருந்த இ.எம்.ஐ. ஸ்டுடியோவில் ஜான் லெனன் ஒரு வரியைப் பாடி முடித்ததும் அதையே மறுபடி பாடி மேலேற்ற வேண்டியிருந்தது. அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. பொறியாளர் கென் டவுன்சென்ட் அதற்கு ஒரு வழி கண்டார். அதே குரலை இரண்டாவது டேப் இயந்திரத்தில் ஓடவிட்டு, அதன் வேகத்தை ஓர் ஆசிலேட்டர் மூலம் சிறிது ஏற்றி இறக்கி, நகல் சில மில்லி விநாடிகள் தள்ளி வரும்படி செய்தார். ஒரு குரல் இரண்டாகக் கேட்டது. ஆசிலேட்டரின் குமிழைத் திருப்பியது மனிதக் கை. அது பாட்டைக் கேட்டபடியே திருப்பியது. பத்தாண்டு கழித்து, 1976இல் பாஸ் நிறுவனத்தின் சிஇ-1 கோரஸ் பெட்டி வந்தபோது, அந்தக் கையின் இடத்தில் எல்.எஃப்.ஓ. என்னும் மெதுவான அலை அமர்ந்திருந்தது. வசதி கூடியது, கேட்கும் காது விடைபெற்றது.

நகலைப் பிந்தவைத்துச் சேர்ப்பதன் இயற்பியல் எளிது. மூல ஒலியோடு 1 மில்லி விநாடி பிந்திய நகலைச் சம அளவில் சேர்த்தால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என வரிசையாகப் பள்ளங்கள் விழுகின்றன. பிந்தும் நேரத்தை 2 மில்லி விநாடி ஆக்கினால் முதல் பள்ளம் 250க்கு இறங்குகிறது. இந்தப் பள்ளங்கள் நகரும் ஓசைதான் ஃபிளாஞ்சர். அவை எப்போது நகர வேண்டும் என்பதை இயற்பியல் சொல்லாது. அதை முடிவுசெய்பவர் மிக்ஸிங் செய்பவர்.

இங்கே ஸ்டீவி வொண்டரின் 1973ஆம் ஆண்டுப் பாடல் 'ஹையர் கிரவுண்ட்' நமக்குப் பாடமாக அமைகிறது. அதில் அவர் வாசிக்கும் கிளாவினெட், மியூ-ட்ரான் 3 என்ற ஃபில்டர் வழியாக வருகிறது. ஒவ்வொரு தட்டின் வலுவையும் அந்தக் கருவி அளந்து, அதற்கேற்ப ஃபில்டரைத் திறக்கிறது. விரல் ஓங்கி விழும்போது ஒலி வாய் திறக்கிறது. மெல்லத் தொடும்போது முனகலோடு அடங்கிவிடுகிறது. தாளம் ஃபில்டருக்குள்ளேயே கேட்கிறது. இதை மீண்டும் செய்து பார்ப்போர், ஃபில்டர் திரும்ப மூட எடுக்கும் ரிலீஸ் நேரத்தில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில், அடிக்கு நான்கு தட்டு வாசித்தால் தட்டுக்குத் தட்டு 125 மில்லி விநாடிதான் இடைவெளி. ஃபில்டர் மூட அதைவிட வெகுநேரம் எடுத்துக்கொண்டால் அடுத்த தட்டு வருவதற்குள் அது மூடி முடிக்காது. அப்போது கேட்பது திறந்தே கிடக்கும் ஃபில்டர். எஃபெக்ட் இருந்தும் இல்லாதது போலத்தான்.

நம் இசைக்கு வரும்போது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அசைவதுதான் அதன் உயிர். அந்தக் குரலின்மேல் கோரஸைப் போட்டால், சுருதியில் ஏறியிறங்கும் நகல் ஒன்று கமகத்தோடு மோதி, பாடகர் ஆண்டுக்கணக்கில் சாதகம் செய்து செதுக்கிய விளிம்பு மழுங்கிவிடும். அங்கே கோரஸ் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. டைனமிக் ஈக்யூ அப்படியல்ல. மேல் ஸ்தாயியில் குரலை வீசும்போது மட்டும் 3000 ஹெர்ட்ஸை ஒட்டி ஓர் உறுத்தல் எழுமானால், அந்த நொடிகளில் மட்டும் இரண்டு மூன்று டெசிபல் இறக்கிவிட்டு அது விலகிக்கொள்ளும். தணிந்த சங்கதிகளை அது தொடுவதில்லை. பாடகர் சொல்லும்போதுதான் அது வேலை செய்கிறது.

எல்.எஃப்.ஓ.வை ஒதுக்கச் சொல்லவில்லை. நீண்டு நிற்கும் சிந்த் ஸ்வரத்துக்கு அது அழகு சேர்க்கும். ஆனால் அதன் சுழற்சியைத் தாள ஆவர்த்தனத்தோடு கச்சிதமாகப் பொருத்திவிட்டால், சில ஆவர்த்தனங்களிலேயே காது அதைக் கற்றுக்கொண்டு கவனிப்பதை விட்டுவிடுகிறது. பேஸின் அடித்தளத்தில் இந்த அசைவு கூடாது என்பதும், சுமார் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே எஃபெக்ட் பாதையை வெட்டிவிட வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்தவையே.

இன்று கட்டுரை வாசிக்கவிருப்போரிடம் மூன்று வேண்டுகோள்கள். ஒலிச் சான்றுகளை எஃபெக்ட் இல்லாமலும் எஃபெக்டோடும், ஒரே ஒலியளவில் போட்டுக் காட்டுங்கள். சற்று உரக்க ஒலிப்பதே நல்லதாகத் தோன்றுவது காதின் இயல்பு. அதையே மோனோவிலும் ஒருமுறை போடுங்கள். சில கோரஸ்களில் இடமும் வலமும் எதிரெதிர்க் கட்டத்தில் இருப்பதால், ஒன்றாகச் சேரும்போது எஃபெக்ட் காணாமல் போகும். கடைசியாக, உங்கள் எடுத்துக்காட்டு ஒவ்வொன்றிலும் அந்த அசைவை ஆட்டுவிப்பது எது என்று அவைக்குச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.