பகர்தல்: பயணப்பெட்டிக் கட்டணமும் முன்கூட்டிச் சொல்லும் அறமும்

(உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்தில் ஆற்றிய உரை)



உட்லண்ட்ஸில் வாழும் நாம் கடற்பாலத்தைக் கடந்து ஜொகூர் பாருவுக்குப் போய் வருகிறோம். சோதனைச் சாவடியில் நம் பையைத் திறந்து பார்ப்பதுண்டு. தராசில் நிறுத்துக் கட்டணம் கேட்பதில்லை. சாங்கி விமான நிலையத்தில் நிலைமை வேறு. அங்கே அளவுக்கு மிஞ்சிய ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைப் பயணிக்கு எப்போது, எந்தச் சொற்களில் தெரிவிக்கிறார்கள் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். தெரிவிப்பது மொழியின் பணி. ஆகவே இது மொழி மன்றத்தில் பேசத்தக்க பொருளே என்று கருதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், திருச்சிராப்பள்ளிக்குப் புறப்படும் விமானத்திற்காக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் இளைஞர், கட்டுமானத் தொழிலாளி. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஊர் திரும்புகிறார். பயணச்சீட்டில் அவருக்கு 20 கிலோ. பெட்டியோ 27 கிலோ. மிகுந்த 7 கிலோவுக்கு முகப்பில் கேட்ட தொகை, அவ்வளவு எடையுள்ள பொருள்களுக்குத் தேக்காவில் அவர் கொடுத்த விலையைவிட அதிகம். தரையில் அமர்ந்து பெட்டியின் கயிற்றை அவிழ்த்தார். பால்மாவு டின்கள், கோடாலித் தைலப் புட்டிகள், மகளுக்கு வாங்கிய பள்ளிப்பை என ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வழியனுப்ப வந்த நண்பரிடம் அவற்றை ஒப்படைத்துவிட்டு என்னைப் பார்த்து, “முன்னாடியே சொல்லியிருந்தா இதையெல்லாம் வாங்கியிருக்கவே மாட்டேண்ணே” என்றார்.

கட்டணம் இருப்பதை அவர் எதிர்க்கவில்லை. அது தம்மை வந்தடைந்த நேரமே அவரை வருத்தியது.

விமான நிறுவனங்களின் பக்கத்தில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். எடை கூடினால் எரிபொருள் செலவு கூடும். வெறுங்கையோடு பயணம் செய்பவர், பெட்டியோடு வருபவரின் செலவை ஏன் சுமக்க வேண்டும்? மலிவுக் கட்டணச் சேவைகள் இவ்வாதத்தின் மேல்தான் வளர்ந்தன. பழைய பெரிய நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. 2008ஆம் ஆண்டில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், உள்நாட்டுப் பயணிகளிடம் ஒப்படைக்கும் முதல் பெட்டிக்கே 15 டாலர் வாங்கத் தொடங்கியது. இருக்கை ஒரு விலை, பெட்டி வேறொரு விலை என்று பிரிக்கும் முறை உலகெங்கும் பரவியது. அடிப்படைக் கட்டணம் குறைந்ததால் அடிக்கடி ஊருக்குப் போய்வர முடிந்தவர்களும் நம்மிடையே உண்டு.

ஆனால் விலையைப் பிரித்தவர்களுக்கு, பிரித்ததைச் சொல்லும் கடமையும் கூடுகிறது. சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையத்தின் விலை வெளிப்படைத்தன்மை வழிகாட்டி நெறிகள் 2020 நவம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. முதலில் குறைந்த விலையைக் காட்டிவிட்டு, தவிர்க்க முடியாத கட்டணங்களை இறுதியில் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும் வழக்கத்தை அவை கண்டிக்கின்றன. இந்தியாவில் 2021 பிப்ரவரியில், ஒப்படைக்கும் பெட்டி இல்லாத பயணிகளுக்கு உள்நாட்டு விமானங்கள் குறைந்த கட்டணம் வாங்கிக்கொள்ள விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் இசைவளித்தது. அத்தகைய பயணி பெட்டியோடு வந்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைப் பதிவுசெய்யும்போதே தெளிவாகக் காட்ட வேண்டும். பயணச்சீட்டிலும் அச்சிட வேண்டும் என்பது நிபந்தனை.

இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள்: ‘தவிர்க்க முடியாத’. பெட்டிக் கட்டணம் பெரும்பாலும் விருப்பக் கட்டணமாகவே கருதப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014இல் ஒரு வழக்கில் இதே கோட்டைத்தான் வரைந்தது. நியாயமான எடைக்கும் அளவுக்கும் உட்பட்ட கைப்பெட்டி பயணத்திற்கு இன்றியமையாதது, அதற்குத் தனிக்கட்டணம் கூடாது. ஒப்படைக்கும் பெட்டிக்குக் கேட்கலாம் என்றது. இரண்டு நாள் அலுவலுக்குப் போகிறவருக்கு அந்தப் பெட்டி விருப்பம்தான். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மகளைப் பார்க்கப் போகிறவருக்கும் அது விருப்பமா? சட்டம் இந்த வேறுபாட்டை அறியாமல் இருக்கலாம். முன்கூட்டித் தெளிவாகச் சொல்வதால் மட்டுமே இந்த இடைவெளியை நிரப்ப முடியும்.

சொன்னாலும் விளங்க வேண்டும். சில நிறுவனங்கள் மொத்த எடையைக் கணக்கிடுகின்றன. சில, பெட்டிகளின் எண்ணிக்கையைக் கணக்கிடுகின்றன. கைப்பெட்டிக்கு 7 கிலோ என்றால், அதில் மடிக்கணினியும் கைப்பையும் அடங்குமா என்பது நிறுவனத்திற்கு நிறுவனம் மாறும். முன்பதிவின்போது வாங்கும் எடைக்கு ஒரு விலை. விமான நிலைய முகப்பில் வாங்கினால் பெரும்பாலும் அதைவிடக் கூடிய விலை. இரண்டு நிறுவனங்களில் தனித்தனியே சீட்டு வாங்கியவருக்கு, முதல் விமானத்தின் சலுகை இரண்டாவதில் செல்லாது. இவ்வளவையும் பயணச்சீட்டில் ஓரிரு எழுத்தும் எண்ணுமாகச் சுருக்கி, ஆங்கிலத்தில் மட்டும் தந்தால், முகவர் வழியாகச் சீட்டு வாங்கிய தொழிலாளிக்கு அது செய்தி ஆகுமா?

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களின் நடுவுநிலைமையைப் போற்றுகிறது. வாங்கும்போதும் கொடுக்கும்போதும் அளவு பிறழாதவர்கள் அவர்கள்; மறைக்காமல் எடுத்துரைத்து விற்றவர்கள். அவ்விடத்தில் புலவர் ஆளும் வினை ‘பகர்தல்’. அச்சொல்லுக்குச் சொல்லுதல் என்றும் விற்றல் என்றும் இரு பொருள் உண்டு. சொல்வதையும் விற்பதையும் ஒரே வினையில் அடக்கிய மொழி நம்முடையது. அந்த மொழியைப் பேசுவோர், சொல்லாமல் விற்பதை விற்பனை என்று ஏற்க வேண்டியதில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கருத்தறிதல் பயிற்சிக்குக் கதையும் கட்டுரையும் தருகிறோம். ஒரு முறை விமானக் கட்டணப் பக்கம் ஒன்றைத் தந்து, அதைப் பாட்டிக்கு விளங்கும் தமிழில் எழுதச் சொல்லுங்கள். ‘பதிவுசெய்யப்பட்ட பயணப் பொதி’ என்று எழுதும் மாணவரிடம், ‘முகப்பில் ஒப்படைக்கும் பெட்டி’ என்றால் போதாதா என்று கேளுங்கள். கலைச்சொல் எது, விளங்கும் சொல் எது என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

மாணவர்களே, உங்கள் வீட்டில் கைப்பேசியில் பயணச்சீட்டுப் பதிவு செய்பவர் பெரும்பாலும் நீங்கள்தாம். ‘உறுதிசெய்’ என்ற பொத்தானை அழுத்தும் முன் நான்கு செய்திகளை உரக்கப் படித்துக் காட்டுங்கள்: எத்தனை கிலோ, எத்தனை பெட்டி, மிஞ்சினால் என்ன விலை, திரும்பி வரும்போதும் அதே அளவா. அன்று அந்த இளைஞருக்கு ஒருவர் இவற்றைத் தமிழில் படித்துக் காட்டியிருந்தால், அந்தப் பள்ளிப்பை அதற்குரிய பிள்ளையிடம் அன்றே போய்ச் சேர்ந்திருக்கும்.