ஊர் ஓடினாலும் கேட்டு ஓடுவோம்

(மும்பையில் நடந்த சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ஊர் ஓடினால் ஒக்க ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு" என்பது நம் பழமொழி. ஒருவன் பொய் சொல்லலாம், ஊரே பொய் சொல்லுமா என்ற நம்பிக்கையில் பிறந்தது அது. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்பதையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

1950-களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியல் பேராசிரியர் ஒரு சோதனை நடத்தினார். ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். முதல் கோடு அந்த மூன்றில் எதற்குச் சமம்? இதுதான் கேள்வி. சிறு பிள்ளையும் சொல்லிவிடும். தனியாக விடை சொன்னவர்கள் தவறியது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பிறகு ஒரு மாணவரை ஏழெட்டுப் பேர் நடுவே உட்கார வைத்தார். மற்ற அனைவரும் முன்கூட்டியே பேசி வைத்த ஆட்கள். அவர்கள் ஒரே குரலில் தவறான விடையைச் சொன்னபோது, இப்படிச் சோதிக்கப்பட்டவர்களின் விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தோடு சேர்ந்து தவறாகவே வந்தது. நான்கில் மூவர் ஒருமுறையாவது சறுக்கினர். அடி இல்லை, மிரட்டல் இல்லை. எல்லாரும் சொல்லும்போது நாம் மட்டும் மாறிச் சொல்வதா என்ற கூச்சமே போதுமானதாயிற்று. சிலருக்குத் தம் கண்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

எதிரே இருக்கும் கோட்டுக்கே இந்தக் கதி என்றால், பழகியே அறியாத மனிதர்களைப் பற்றி நாம் கொள்ளும் கருத்து என்னவாகும்?

இதை இந்த நகரத்துத் தமிழர்களுக்கு எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. 1960-இல் தொடங்கிய 'மார்மிக்' என்ற மராத்தி வார இதழ், நிறுவனங்களில் பதவி வகித்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டது. 1966-இல் சிவசேனை பிறந்தது. பக்கத்து வீட்டுத் தமிழனோடு எந்தப் பகையும் இல்லாத தொழிலாளியின் வாயிலும் 'லுங்கிவாலா' என்ற ஏச்சு ஏறியது. வேலையில்லாத் திண்டாட்டம் உண்மை. அதற்குக் காரணம் தெற்கிலிருந்து வந்தவன் என்பதோ, பலர் திரும்பத் திரும்பச் சொன்னதால் உண்மைபோல் ஆக்கப்பட்டது.

அன்று நம்மீது வீசப்பட்ட சொல்லை இன்று நாம் எடுத்துப் பிறர்மீது வீசுகிறோமா? உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வருபவனைப் பற்றி நம் சால்களிலும் தேநீர்க் கடைகளிலும் என்ன பேசப்படுகிறது? 'அவர்கள் வந்துதான் கூலி குறைந்தது, திருட்டுப் பெருகியது' என்று ஒருவர் தொடங்க, நான்கு பேர் தலையாட்டுகிறார்கள். கூலியைக் குறைத்த முதலாளியைப் பற்றி யாரும் பேசுவதில்லை!

தலையாட்டல் எங்கே கொண்டுபோய் விடும்? 2018 ஜூலை 1 அன்று, இதே மராட்டிய மாநிலத்தில், துலே மாவட்டத்து ராயின்பாடா கிராமத்தில், நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த 5 பேரைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியால் ஒரு கூட்டம் அடித்தே கொன்றது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் கைப்பேசிகளில் பறந்தன. இரண்டு மாநிலங்களிலும் அச்சம் பரவியது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்ப நேர்ந்தது. ஊரே ஓடியது, கேட்டவர் சிலரே.

ஆனால், தோழர்களே, ஆஷின் சோதனையில் இன்னொரு பாதியும் உண்டு. அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் மட்டும் சரியான விடையைச் சொன்னபோது, கூட்டத்துக்குப் பணிவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது! அதேபோல, 1960-களின் தொடக்கத்தில் ஸ்டான்லி மில்கிராம் ஒரு சோதனை நடத்தினார். அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும்படி ஆணையிடப்பட்டது. அதிர்ச்சி பொய், கொடுத்தவர்களோ அதை மெய்யென்றே நம்பினர். 40 பேரில் 26 பேர் கடைசி அளவான 450 வோல்ட் வரை போனார்கள். உடனிருந்த இருவர் மறுத்து எழுந்துவிட்ட சோதனையில், கடைசி வரை போனவர்கள் 40-இல் 4 பேர் மட்டுமே.

பிறர் நம்மைக் கெடுக்கவும் முடியும், காக்கவும் முடியும் என்பதே இதன் பொருள். அந்தக் காக்கும் பிறராக நாம் இருக்க வேண்டும். 'நீங்கள் நேரில் பார்த்தீர்களா?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். தலையாட்ட இருந்த நால்வரில் இருவராவது நிற்பார்கள்.

நம் சங்கத்திலிருந்தே தொடங்குவோம். முக்கியமான முடிவுகளில் கை தூக்கச் சொல்வதை விட்டு, சீட்டில் எழுதி வாங்குவோம். நிர்வாகிகள் முதலில் பேசிவிட்டு மற்றவர்களின் கருத்தைக் கேட்கும் பழக்கத்தை மாற்றி, புதிய உறுப்பினர்களும் பெண்களும் முதலில் பேசட்டும். மாற்றுக் கருத்துச் சொல்பவரைத் துரோகி என்று ஏசும் வழக்கம் ஒழியட்டும்.

தாம் சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்க வேண்டாம், சொந்த அறிவால் சிந்தித்து முடிவு செய்யுங்கள் என்று மேடைதோறும் கேட்டுக்கொண்டவர் தந்தை பெரியார். நாமும் அதையே கேட்கிறோம். இந்த உரையையும் கேள்வி கேளுங்கள்.