மலைப் பள்ளிகளில் விஞ்ஞான மன்றம் தழைக்கட்டும்!

(நெல்லிவாசல்நாட்டில் மலை மக்களும், விவசாயக் கூலித் தொழிலாளரும், பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் பஞ்சாலைத் தொழிலாளி ஒருவர் ஆற்றிய உரை.)

தோழர்களே! தாய்மார்களே! முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே!

நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. முப்பது ஆண்டுக் காலம் பஞ்சாலையில் நூற்புப் பகுதியில் வேலை பார்த்தவன். விஞ்ஞானத்தைப் பற்றிப் பேச இவன் யார் என்று உங்களில் சிலர் கேட்கலாம். கேளுங்கள். தாராளமாகக் கேளுங்கள். அப்படிக் கேட்பதுதான் விஞ்ஞானத்தின் முதல் படி.

1980ம் ஆண்டு பிப்ரவரி 16ந் தேதி சூரிய கிரகணம் வந்தது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. கிரகணம் என்றால் சந்திரனின் நிழல் பூமியின் மேல் விழுவது என்று பள்ளியில் பாடம் நடத்தியிருந்தார்கள். பரீட்சையில் அதை எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். ஆனால் அன்றைக்கு நடந்தது என்ன? எங்கள் தெருவில் கதவுகளெல்லாம் சாத்திக் கிடந்தன. என் தாயார் என்னை உள்ளே வைத்துத் தாழ்ப்பாள் போட்டார். நானும் பயந்துகொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். பரீட்சைத் தாளில் சந்திரனின் நிழல். மனதுக்குள் ராகுவின் வாய்! பாடம் என் தலையில் ஏறியது, நெஞ்சில் இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை? யாரும் எனக்கு அதைக் காட்டவில்லை. ஓர் அட்டையில் ஊசித் துளையிட்டு, அதன் வழியே விழும் வெளிச்சத்தைத் தரையில் பார்த்தால் கடித்த அப்பளம் போல் சூரியன் தெரியும். அதை ஒரு தடவை கண்ணால் கண்டிருந்தால் ராகு அன்றே ஓடியிருப்பான். அந்தத் துளையிட்ட அட்டைக்குப் பெயர்தான், தோழர்களே, விஞ்ஞான மன்றம்!

முப்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2019 டிசம்பர் 26ந் தேதி தமிழ்நாட்டில் கங்கண கிரகணம் தெரிந்தது. எத்தனையோ ஊர்களில் பள்ளிப் பிள்ளைகள் மைதானத்துக்கு வந்து, அதற்கென்று செய்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆனந்தமாகப் பார்த்தார்கள். அதே நாளில் கர்நாடகத்தில் கலபுரகிக்குப் பக்கத்திலே ஒரு கிராமத்தில், ஊனமுற்ற பிள்ளைகளைக் கிரகண நேரத்தில் கழுத்துவரை குழியில் புதைத்து வைத்தார்கள், ஊனம் தீரும் என்ற நம்பிக்கையில்! ஒரே சூரியன், ஒரே கிரகணம். ஒரு பிள்ளை தலை நிமிர்ந்து வானத்தைப் பார்த்தது. இன்னொரு பிள்ளை மண்ணுக்குள் நின்று அழுதது. நம் பிள்ளைகள் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?

ஆலையில் கற்ற பாடம்

விஞ்ஞானம் படித்தவர்களின் சமாச்சாரம், உழைப்பவனுக்கு அதனால் என்ன லாபம் என்று நினைப்பவர்கள் உண்டு. என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு கோடையில் எங்கள் பகுதியில் நூல் ஓயாமல் அறுந்தது. ஒட்டி ஒட்டிக் கை ஓய்ந்தது, உற்பத்தி குறைந்தது. "வேலையில் கவனமில்லை" என்று அதிகாரி எங்கள் மேல் குற்றம் சாட்டினார். சம்பளத்தில் கை வைக்கப் போவதாக மிரட்டல். நாங்கள் கோபப்பட்டோம், சத்தம் போட்டோம். பலனில்லை. எங்களில் ஓர் இளைஞன், பள்ளியில் விஞ்ஞான மன்றத்தில் இருந்தவன், ஒரு யோசனை சொன்னான். சுவரில் இரட்டை வெப்பமானி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றின் அடிப்பாகத்தில் ஈரத்துணி சுற்றியிருக்கும். மற்றொன்று வெறுமனே இருக்கும். இரண்டும் காட்டும் அளவுக்கு இடையே வித்தியாசம் அதிகமானால் காற்று வறண்டிருக்கிறது என்று அர்த்தம். காற்று வறண்டால் பருத்தி இழை பலமிழந்து அறும்.

ஒவ்வொரு ஷிப்டிலும் அந்த அளவையும், அறுந்த இழைகளின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் பத்து நாள் எழுதி வந்தோம். காற்று வறண்ட நேரமெல்லாம் அறுபடுவது ஏறியிருந்தது. காற்றுக்கு ஈரம் கொடுக்கும் இயந்திரம் சரியாக ஓடவில்லை என்பது வெட்டவெளிச்சமாயிற்று. நோட்டுப் புத்தகத்தைச் சங்கம் மேஜை மேல் வைத்தது. இயந்திரத்தைப் பழுது பார்த்தார்கள், சம்பளம் தப்பியது.

அன்றுதான் நான் விளங்கிக்கொண்டேன். கவனித்தல், எண்ணுதல், எழுதி வைத்தல், ஒப்பிட்டுப் பார்த்தல், பிறகே முடிவுக்கு வருதல். விஞ்ஞானம் என்பது இவ்வளவுதான். இது உழைப்பாளியின் கையில் இருந்தால், அவன் மேல் பொய்ப் பழி சுமத்துவது சுலபமல்ல.

நம் மலையில் உள்ள பெரிய கண்

நீங்கள் இருக்கும் இந்த ஜவ்வாது மலை உலகத்து வானவியல் புத்தகங்களில் இடம் பெற்ற மலை. இதே மலைத்தொடரில் காவலூரில், வைணு பாப்பு என்ற விஞ்ஞானியின் முயற்சியால் 1960களின் பிற்பகுதியில் வானாய்வு தொடங்கிற்று. யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதை 1977ல் உலகம் கண்டுகொண்டதே, அந்தக் கவனிப்பில் காவலூருக்கும் பங்கு உண்டு. 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் அகல ஆடி கொண்ட தொலைநோக்கி அங்கே திறக்கப்பட்டது. நம் நாட்டிலேயே வடிவமைத்துச் செய்த கருவி அது. 1988ல் அங்கிருந்து புதிதாக ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து, நம் கணித மேதை ராமானுஜனின் பெயரைச் சூட்டினார்கள்.

இந்த மலையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? பட்டணத்து விளக்கொளி இங்கே எட்டாது. இரவு இருட்டாக இருக்கும். பிள்ளைகளே, நீங்கள் வாசலில் படுத்து வெறுங்கண்ணால் பார்க்கும் நட்சத்திரங்களில் பாதியைக்கூடச் சென்னைப் பணக்காரன் வீட்டுப் பிள்ளை பார்த்ததில்லை. இருட்டு ஊர் என்று யாராவது கேலி செய்தால், அந்த இருட்டைத் தேடி விஞ்ஞானிகள் மலை ஏறி வந்தார்கள் என்று பதில் சொல்லுங்கள். ஆனால் அந்தத் தொலைநோக்கியின் வாசலில் காவல் நிற்பதோடு நம் பிள்ளைகளின் பங்கு முடிந்துவிடலாகாது. அதன் வழியே பார்த்துக் கணக்கெழுதும் இடத்துக்கும் அவர்கள் வர வேண்டும்.

அதற்குத் தொடக்கம் ஒரு கம்பு போதும். பள்ளி மைதானத்தில் நேராக ஒரு கம்பை நட்டு, தினமும் அதன் மிகக் குறுகிய நிழலை அளந்து எழுதுங்கள். ஏப்ரல் 23ஐ ஒட்டியும், ஆகஸ்ட் 19ஐ ஒட்டியும் ஒரு நாள் நிழலே இல்லாமல் போகும். சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் நிற்கும் நாள் அது. டில்லியில் உள்ள பிள்ளைக்கு அப்படி ஒரு நாள் எந்த ஆண்டிலும் வராது. இன்னொன்றும் தெரியவரும். நிழல் மறைவது கடிகாரத்தில் 12 மணிக்கு அல்ல. கால் மணி நேரம் கழித்து! ஏன்? இந்தியா முழுவதற்குமான மணி, நமக்குக் கிழக்கே உள்ள ஒரு கோட்டைக் கணக்கிட்டு வைத்தது. சூரியன் அங்கே உச்சிக்கு வந்த பிறகுதான் இங்கே வரும். இப்படி நிழலை அளந்தே, சுமார் 2200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரடோஸ்தனிஸ் என்பவர் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். அவரிடம் தொலைநோக்கி இல்லை. இருந்தது நிழலும் புத்தியும்தான்.

பாம்புக் கடியும் மந்திரமும்

இனி நம் உயிரைத் தொடும் விஷயத்துக்கு வருகிறேன். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை இருபது ஆண்டுகளில் பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர் மாண்டதாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர்! இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். வயலில் நிற்பவனையும், தரையில் படுப்பவனையும்தானே பாம்பு கடிக்கிறது?

"மந்திரித்தோம், பிழைத்துவிட்டார்" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, பிழைத்தது உண்மை. விஞ்ஞான மன்றத்துப் பிள்ளை அவர்களைக் கேலி செய்யக் கூடாது. ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "தாத்தா, கடித்தது எந்தப் பாம்பு?" நம் நாட்டுப் பாம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மனிதனைக் கொல்லும் விஷம் இல்லை. விஷப் பாம்பும் சில சமயம் விஷத்தை இறக்காமல் கடிக்கும். அப்படிக் கடிபட்டவர் மந்திரித்தாலும் பிழைப்பார், மந்திரிக்காவிட்டாலும் பிழைப்பார். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கில் ஒன்று விஷம் இறங்கக் கடித்தால் மந்திரம் நிற்காது. விஷமுறிவு மருந்துதான் நிற்கும். பிழைத்தவர் கதை ஊரெல்லாம் பரவுகிறது. செத்தவர் கதை அவரோடு மண்ணுக்குள் போகிறது. இரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பதே விஞ்ஞானம்.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது? மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தியிலிருந்து மருந்து செய்கிறார்கள். பழங்குடி உழைப்பாளியின் கைத்திறன் இல்லாமல் அந்த விஞ்ஞானம் இல்லை!

ஆகவே மன்றத்துப் பிள்ளைகள் வீடு வீடாகச் சொல்ல வேண்டியது இது: கடிவாயைக் கீறாதே, வாய் வைத்து உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போ.

கொண்டு போக வழி எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி! 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லாத ஊர். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகும் வழியிலேயே குழந்தை இறந்தது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் ஊர் வரை போக முடியாமல் இறக்கிவிட, பெற்ற தாய் பிணத்தைச் சுமந்துகொண்டு மலையேறி நடந்தாள். தோழர்களே, அந்த மக்களை மூடநம்பிக்கைக்காரர் என்று யாராவது பழித்தால் என் நெஞ்சு கொதிக்கும். மந்திரவாதி பக்கத்தில் இருக்கிறார். மருந்து மலைக்குக் கீழே இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரிடம் ஜனங்கள் போகிறார்கள். மந்திரத்தைக் கேள்வி கேட்கும் பிள்ளை, "மருந்து ஏன் இவ்வளவு தூரத்தில் இருக்கிறது? சாலை ஏன் இல்லை?" என்று சர்க்காரையும் கேள்வி கேட்கும். கேட்கத்தான் வேண்டும்!

மன்றங்கள் நடப்பது எப்படி?

மன்றங்கள் இல்லாமல் இல்லை. 1980ல் பிறந்த தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 'துளிர்' என்ற மாதப் பத்திரிகையைப் பிள்ளைகளுக்காக நடத்தி வருகிறது. 1993ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்னை ஒன்றை எடுத்து, தாங்களே விசாரித்து ஆய்வு எழுதுகிறார்கள். 2022 நவம்பரில் தமிழ்நாடு சர்க்கார் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ம் வகுப்பு வரை 'வானவில் மன்றம்' தொடங்கியது. வரவேற்க வேண்டிய காரியம். ஆனால் கணக்கையும் பார்ப்போம். தொடங்கியபோது பள்ளிகள் 13,210; செய்து காட்டும் கருத்தாளர்கள் 710. ஒருவருக்குப் பதினெட்டுப் பள்ளிக்கு மேல்! கீழ்நாட்டில் வண்டியில் சுற்றி வரலாம். மலையில் எப்படிச் சுற்றுவார்?

மத்திய சர்க்கார் செய்தது என்ன? விஞ்ஞானத்தை ஜனங்களிடம் கொண்டு செல்ல 1989ல் ஏற்பட்ட 'விஞ்ஞான் பிரசார்' நிறுவனத்தையே 2023ல் மூடிவிட்டது. விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 1976 முதல் அரசியல் சட்டத்தில் எழுதியிருக்கிறது. கடமை குடிமகனுக்கு மட்டும்தானா? சர்க்காருக்கு இல்லையா?

நாம் கேட்பது மூன்று. கல்வித் துறைப் பள்ளி, பழங்குடியினர் நலத் துறைப் பள்ளி என்ற பேதமின்றி மலையில் உள்ள ஒவ்வொரு பள்ளியிலும் விஞ்ஞான மன்றம் வேண்டும். மலைக்கென்று தனிக் கருத்தாளர்கள், நியாயமான ஊதியத்தோடு வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் நம் பிள்ளைகளைக் காவலூருக்கு அழைத்துச் சென்று அந்தத் தொலைநோக்கியைக் காட்ட வேண்டும்.

நம் பங்கும் உண்டு. கடையில் வாங்கிய தெர்மாகோல் எரிமலையைப் பொருட்காட்சி நாளில் வைத்துவிட்டுக் கலைவது மன்றமல்ல. உங்கள் சாமைக் காட்டில் ஒரு துண்டை மன்றத்துக்கு விடுங்கள். ஒரு பாதியில் எரு, மறு பாதியில் எரு இல்லை. பிள்ளைகள் அளந்து எழுதட்டும். எந்த மண்ணில் எந்தத் தானியம், தேனீ எந்தப் பூவை நாடும் என்று உங்களுக்குத் தெரிந்ததைப் பள்ளிக்கு வந்து சொல்லுங்கள். பெண் பிள்ளையைத் தண்ணீர்க் குடத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அவள் கையிலும் அளவுகோலைக் கொடுங்கள். பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் அதட்டாதீர்கள். தெரியாவிட்டால், "தெரியாது, வா, பார்க்கலாம்" என்று சொல்லுங்கள்.

என் தாயார் என்னைப் பூட்டி வைத்தது அன்பினால்தான். அவருக்கும் யாரும் காட்டவில்லை. நமக்குக் காட்டப்படாததை நம் பிள்ளைகள் காணட்டும். இன்று ஏன் என்று கேட்கப் பழகும் பிள்ளை, நாளைக்குக் கூலி ஏன் குறைந்தது, சாலை ஏன் வரவில்லை என்று கணக்கோடு கேட்பான். அந்தப் பிள்ளையை யாரும் ஏமாற்ற முடியாது.

நாளைக் காலை பள்ளி மைதானத்தில் முதல் கம்பை நடுங்கள்!