சிவப்பு மையும் சிநேகிதர் கண்ணும்



மாணவன் எழுதக் கற்றுக்கொள்வது ஆசிரியர் திருத்தும்போதா, சக மாணவர் படிக்கும்போதா? இதுதான் தலைப்பு. 30 வருஷமாகச் சிவப்புப் பேனாவோடு குடும்பம் நடத்துகிறவன் நான். என்னைக் கொண்டுவந்து சக மாணவர் கட்சியிலே உட்கார வைத்துவிட்டார் நடுவர். மனசறிந்து சொல்கிறேன், சரியான இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வகுப்பிலே மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறோம். பிள்ளைகளே எழுதி, படம் போட்டு, தைத்து, பெஞ்சு பெஞ்சாகச் சுற்றுக்கு விடுவார்கள். ஒரே பிரதிதான். கடைசிப் பெஞ்சுக்குப் போய்ச் சேரும்போது அட்டை இருக்காது. (சிரிப்பு)

அதிலே ஒரு பையன், "என் அம்மா கீரை கடை வைத்திருக்கிறார்" என்று எழுதினான். நடுவிலே 'க்' இல்லை. இதே பிழைக்கு அவன் நோட்டிலே எத்தனை தடவை வட்டம் போட்டிருப்பேன்! வட்டம் பெரிசாச்சே தவிர ஒற்று வரவில்லை. பத்திரிகை சுற்றுக்குப் போச்சு. பக்கத்துப் பையன் கேட்டான்: "ஏண்டா, உங்கம்மா கடை வச்சிருக்காங்களா, கீரையைக் கடைஞ்சு வச்சிருக்காங்களா? கடைஞ்சிருந்தா எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டாடா!" வகுப்பே சிரித்தது. அன்றைக்கு வந்ததய்யா அந்த 'க்'! அதற்கப்புறம் அவனை விட்டு அது போகவே இல்லை. (கைதட்டல்)

எதிரணிச் சகோதரி, "ஆசிரியர் இல்லாமல் இலக்கணம் ஏது?" என்றார். சரி, இலக்கணத்தையே கேட்போம். பவணந்தி முனிவர் நன்னூலிலே ஒரு கணக்குப் போடுகிறார். ஆசிரியர் சொன்னதை முழுசாக வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்குதானாம். கூடப் படிப்பவரோடு பழகுவதிலே இன்னொரு கால். மிச்சம் அரை? தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருகிறது. இப்படி முக்கால் பங்கை ஆசிரியருக்கு வெளியே வைத்தவர் ஓர் இலக்கண ஆசிரியர்! இந்தக் கணக்கு எங்கள் சம்பளத்துக்கு வராமல் இருந்தால் சரி. (சிரிப்பு)

"தனக்குத்தானே டைரி எழுதினால் போதாதா?" என்றும் கேட்டார்கள். ஆம்ஸ்டர்டாமில் நாஜிகளுக்கு அஞ்சி ஒளிந்திருந்த ஆன் ஃபிராங்க் என்ற சிறுமியும் முதலில் தனக்காகத்தான் எழுதினாள். 1944 மார்ச் 28-இல், லண்டனிலிருந்து வந்த டச்சு வானொலியில் ஓர் அமைச்சர் பேசினார். போர்க்கால டைரிகளையும் கடிதங்களையும் பிற்பாடு திரட்டுவோம் என்றார். கேட்டாள். மே மாதம் உட்கார்ந்து, தன் டைரியைத் தனித் தாள்களிலே திரும்ப எழுத ஆரம்பித்தாள். சிலதை வெட்டினாள், சிலதை விளக்கினாள். அதே பெண், அதே ஒளிவிடம். வேறொருவர் படிப்பார் என்ற நினைப்பு மட்டும்தான் புதுசு. ஆகஸ்ட் 4-இல் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வேலை முடியவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். இது சிரிக்கிற விஷயம் இல்லை.

ஒரு மாணவி, வகுப்பிலே மயங்கி விழுந்த தோழியைப் பற்றி எங்கள் பத்திரிகையில் எழுதினாள். பெயர் போடவில்லை. காலையில் சாப்பிடாமல் வந்தது, ஒட்டுப்போட்ட பை, எல்லாம் இருந்தது. நான் படித்தேன். பிழை ஒன்றுமில்லை. "அருமை" என்று சிவப்பு மையிலே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பத்திரிகை சுற்றியது. பெயர் எதற்கு? பை போதுமே! அந்தப் பெண் மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

எழுதியவள் பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே நிறுத்தி, அவள் ஒன்றே ஒன்று கேட்டாளாம்: "எழுதறதுக்கு முன்னாலே எங்கிட்டே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லே?"

என் 30 வருஷச் சிவப்பு மைக்கு அகப்படாத பிழை அது.

அவள் திரும்பி வர ஒரு வாரம் ஆச்சு. அடுத்த மாதப் பத்திரிகைக்கு எழுதிய கட்டுரையை, அந்த மாணவி என்னிடம் கொடுப்பதற்கு முன்னால் தோழியிடம் கொடுத்திருக்கிறாள். என் கைக்கு வந்தபோது இரண்டு வரிகள் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தன. ஏன் என்று நான் கேட்கவில்லை. ஒற்றுப்பிழை மட்டும் பார்த்துக் கொடுத்துவிட்டேன்.

தீர்ப்பு நடுவர் கையிலே.