மோட்டார் பழையது, ரம்பம் புதியது

(தச்சுத் தொழிலாளர் பயிற்சி முகாமின் நிறைவு நாளன்று வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



உளியும் இழைப்புளியும் பிடித்த கைகளுக்கு முன்னால் நின்று தச்சுத் தொழிலைப் பற்றிப் பேசும் தகுதி எங்களுக்கு இல்லை. நாங்கள் கோப்புகளோடு பழகியவர்கள். ஆயினும் எங்கள் வட்டாரத்துப் பொதுப் பட்டறை ஒன்றில் நாங்கள் செய்த ஒரு பிழையையும், அதைத் திருத்திக்கொண்ட விதத்தையும் உங்களிடம் சொல்வது கடமை என்று கருதுகிறோம். இத்தகைய கூட்டங்களில் வெற்றிகளே பெரும்பாலும் பேசப்படுகின்றன. பிழையின் வரலாறு அதனினும் பயன் தரலாம்.

அந்தப் பட்டறையில் இரும்புச் சட்டத்தாலான தாங்கி ஒன்றின்மீது ஒரு குதிரைத் திறன் மோட்டாரும், அதனால் ஓடும் வட்ட ரம்பமும் இருந்தன. 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பக்கத்து ஊரில் மூடப்பட்ட ஒரு பட்டறையிலிருந்து, நீங்கள் 'பேண்ட் சா' என்று சொல்லும் நாடா ரம்பம் ஒன்று மலிவாகக் கிடைத்தது. 14 அங்குலச் சக்கரங்கள் கொண்டது. மோட்டார் மட்டும் இல்லை. புதிய மோட்டார் வாங்க நிதியில் இடமில்லை. வட்ட ரம்பத்தைக் கழற்றிவிட்டு, அதே தாங்கியையும் மோட்டாரையும் நாடா ரம்பத்துக்குப் பயன்படுத்துவது என்று முடிவு செய்தோம்.

அந்த முடிவில் தவறில்லை. நாடா ரம்பத்தால் விளையும் நன்மைகள் கணக்கிட்டுப் பார்க்கத் தக்கவை. வட்ட ரம்பம் ஒவ்வோர் அறுப்பிலும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கிவிடுகிறது. நாடா ரம்பம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டரையே தூளாக்குகிறது. ஒரு கட்டையிலிருந்து பத்துப் பலகைகள் எடுக்க ஒன்பது அறுப்புகள் வேண்டும். ஒன்பது அறுப்புகளிலும் சேர்ந்து மிஞ்சுவது 18 மில்லிமீட்டர். அதாவது மேலும் ஒரு பலகைக்கான கனம். தேக்கு விற்கும் விலையில் இது சிறிய காரியமன்று. நாற்காலியின் பின்கால், தொட்டிலின் அடிவளைவு, ஊஞ்சலின் கைப்பிடி போன்ற வளைந்த உறுப்புகளை வட்ட ரம்பத்தால் அறுக்க இயலாது. நாடா ரம்பத்துக்கு அதுவே எளிய வேலை.

முடிவு சரியானது, நிறைவேற்றிய முறைதான் தவறு. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. தாங்கியின்மீது ரம்பத்தை ஏற்றினோம். ரம்பத்தின் கீழ்ச் சக்கரத்தை மூடும் கதவு தாங்கியின் சட்டத்தில் இடித்தது. கதவைக் கழற்றிச் சுவரோரமாகச் சாத்தி வைத்தோம். பெல்ட்டை மாட்டினோம், ரம்பம் ஓடியது, கை தட்டினோம்.

அப்போது அங்கே நின்றிருந்த முதிய ஆசாரியார் ஒருவர், "ஐயா, இந்தச் சக்கரம் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுது?" என்று கேட்டார். எங்களிடம் விடை இல்லை. "நன்றாக ஓடுகிறதே, பெரியவரே" என்று சொன்னோம். அவர் மறுமொழி கூறாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் நாள் நாடா அறுந்தது. மூடியில்லாத கீழ்ச் சக்கரத்தின் வழியே துள்ளி வெளிவந்த அதன் முனை, மரத்தைத் தள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரின் முன்கையைக் கிழித்தது. தையல் போட வேண்டியதாயிற்று. மருத்துவமனை வாயிலில் அவருடைய தாயார் எங்களிடம் கேட்டது ஒன்றே: "ஐயா, என் புள்ள இனிமே உளி புடிப்பானா?"

அந்தக் கேள்விக்கு ஆறு வாரங்கள் கழித்தே நல்ல விடை கிடைத்தது. விரல்கள் தப்பின, கை பழைய நிலைக்கு வந்தது. அந்த ஆறு வாரங்களில், முன்னரே போட்டிருக்க வேண்டிய கணக்கை நாங்கள் போட்டுப் பார்த்தோம்.

அன்பர்களே, அந்தக் கணக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் எட்டக்கூடியது. மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்றுச் சுற்றுவது. வட்ட ரம்பம் விரைந்து சுழல வேண்டும் என்பதற்காக மோட்டாரில் 8 அங்குலப் புல்லி இருந்தது. நாடா ரம்பத்தின் புல்லி 7 அங்குலம். மோட்டாரின் சுற்றை மோட்டார்ப் புல்லியின் விட்டத்தால் பெருக்கி, ரம்பப் புல்லியின் விட்டத்தால் வகுத்தால், ரம்பச் சக்கரத்தின் சுற்றுக் கிடைக்கும். 1,440-ஐ 8-ஆல் பெருக்கி 7-ஆல் வகுக்க, 1,646 சுற்று வந்தது. 14 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு 44 அங்குலம். ஆகவே நாடா நிமிடத்துக்கு 6,000 அடிக்கு மேல் ஓடியிருக்கிறது. இவ்வளவு சிறிய ரம்பத்தில் மரம் அறுக்க ஏறத்தாழ 3,000 அடி வேகமே பொருத்தமானது. நாங்கள் அதை இரு மடங்கு வேகத்தில் ஓட்டியிருக்கிறோம்!

வேகம் மிகுந்தால் நாடா ஏன் அறுகிறது? நாடா ரம்பம் என்பது இரு முனைகளையும் பற்றவைத்து வளையமாக்கிய மெல்லிய எஃகுப் பட்டை. எங்கள் ரம்பத்தின் நாடா ஏறத்தாழ 93 அங்குல நீளம். சரியான வேகத்திலேயே அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 385 முறை சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரு சக்கரங்களின்மீதும் வளைந்து வளைந்து நிமிர்கிறது. வேகத்தை இரட்டித்தால் வளைவும் இரட்டிக்கும், சூடும் ஏறும். முதலில் சோர்ந்து போவது ஒட்டுவாய்தான். இந்த யந்திரத்தின் வரலாறே அந்த ஒட்டுவாயின் வரலாறு எனலாம். லண்டனைச் சேர்ந்த வில்லியம் நியூபெரி என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே நாடா ரம்பத்துக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் அறாமல் நிற்கும் ஒட்டு அன்று கைவரவில்லை. 1846-இல் பிரான்சில் ஆன் பொலின் கிரெப்பன் என்ற பெண்மணி முனைகளை உறுதியாக இணைக்கும் முறையைக் கண்ட பின்னரே அது பட்டறைகளுக்கு உதவும் கருவியாயிற்று.

எங்கள் பிழைக்குப் பரிகாரம் என்ன? மோட்டாரில் இருந்த 8 அங்குலப் புல்லியை நீக்கிவிட்டு 4 அங்குலப் புல்லியைப் பொருத்தினோம். சக்கரம் 823 சுற்றுக்கு இறங்கியது. நாடாவின் வேகம் ஏறத்தாழ 3,000 அடியாயிற்று. ஒரு சிறு புல்லியின் விலைதான் செலவு. விழாவுக்குக் கட்டிய பந்தலுக்கு அதைவிட அதிகம் செலவிட்டிருந்தோம்.

அதன் பின் தாங்கியையும் முறைப்படி மாற்றினோம். நீங்களும் உங்கள் ஊரில் இவ்வாறு செய்ய நேரலாம். ஆதலால் வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது, நிலை. வட்ட ரம்பம் தாழ்வானது. நாடா ரம்பம் உயரமானது, மேற்பாரம் மிகுந்தது. முன்னதற்கு அமைந்த தாங்கி பின்னதற்குப் போதாது. கோண இரும்பு சேர்த்து அடியை அகலமாக்கி, நான்கு கால்களையும் சிமெண்டுத் தரையில் போல்ட்டுப் போட்டு இறுக்கினோம். சட்டத்தை வெட்டி இடம் விட்டதால், கீழ்க் கதவும் தன் இடத்துக்கு மீண்டது.

இரண்டாவது, திசை. மேசையின் வழியே நாடா கீழ்நோக்கிச் செல்ல வேண்டும். பற்களும் கீழ்நோக்கியே இருக்க வேண்டும். அப்போதுதான் அது மரத்தை மேசைமீது அழுத்தி அறுக்கும். மோட்டாரைத் திருப்பி வைத்தால் சுழலும் திசையும் மாறிவிடும். நாடாவை மாட்டுமுன் வெறும் சக்கரத்தை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். திசையை மாற்ற வேண்டியிருந்தால் மின் பணியாளரைக் கொண்டு மாற்றுங்கள்.

மூன்றாவது, நேர். இரண்டு புல்லிகளின் முகத்திலும் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், நூல் இரண்டையும் ஒருங்கே தொட வேண்டும். இல்லையேல் பெல்ட் ஓரத்தில் தேயும். பெல்ட்டின் நடுவே கட்டை விரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் தாழ வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் பேரிங் கெடும்.

நான்காவது, காப்பு. பெல்ட்டுக்கும் புல்லிகளுக்கும் தகட்டு மூடி, இரு சக்கரங்களுக்கும் கதவு, நாடாவின் மேல்வழிகாட்டி மரத்துக்குக் கால் அங்குலம் மேலே. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சுழலும் உறுப்புகளுக்கு வேலியிட வேண்டும் என்று விதித்தது. நான்கு பேர் வேலை செய்யும் கிராமப் பட்டறை அச்சட்டத்தின் எல்லைக்குள் வந்திராது. ஆனால் ரம்பத்துக்கு அந்த எல்லை தெரியாது.

ஐந்தாவது, விசை. சாதாரண விசையை வைத்தால், மின்சாரம் நின்று மீண்டும் வரும்போது ரம்பம் தானே ஓடத் தொடங்கிவிடும். அவ்வேளை ஒருவர் கை மேசைமீது இருந்தால் என்ன ஆகும்? கிணற்று மோட்டாருக்கு வைப்பது போன்ற ஸ்டார்ட்டர் வையுங்கள். மின்சாரம் நின்றால் அது விடுபட்டுவிடும்; பொத்தானை அழுத்தினாலன்றி மீண்டும் ஓடாது. மோட்டாருக்கும் ரம்பத்துக்கும் எர்த் கம்பி இணைக்க மறவாதீர்கள். நிறுத்திய பின்னும் சக்கரங்கள் சிறிது நேரம் ஓடும். அவை முற்றும் நிற்கும்வரை துண்டு மரங்களைக் கையால் எடுக்காதீர்கள்.

இவ்வளவும் செய்து முடித்த பின், முதிய ஆசாரியாரின் வீட்டுக்குச் சென்று அவரை அழைத்து வந்தோம். அவர் கதவைத் திறந்து பார்த்தார்; பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். பின்னர் அதே கேள்வியைக் கேட்டார். இம்முறை நாங்கள் வாய் திறக்கவில்லை. தாங்கியின் நெற்றியில் வண்ணத்தால் எழுதியிருந்ததைக் காட்டினோம். மோட்டார் 1,440, புல்லிகள் 4, 7, சக்கரம் 823, நாடா 3,000 அடி. கையில் காயம்பட்ட இளைஞரே அதை எழுதியிருந்தார். ஆசாரியார் படித்துவிட்டு, ஒரு வேப்பம் பலகையை எடுத்து மேசைமீது வைத்தார். அன்று முதல் அவர் பட்டறைக்கு வருகிறார்.

இளைஞர்களே, நம் நாட்டில் பழைய மோட்டாருக்குப் புதிய வேலை கொடுப்பது குறையன்று. அது சிக்கனம், அது அறிவு. ஆனால் ஒரு யந்திரத்துக்கு உரிய வேகம் மற்றோர் யந்திரத்துக்கு உரியதன்று. மோட்டாரை இடம் மாற்றும்போதெல்லாம் இந்த எண்களை எழுதி வையுங்கள். திறப்பு விழாவுக்கு நாள் நெருங்கிவிட்டது என்று எங்களைப் போன்ற அலுவலர்கள் அவசரப்படுத்தினால், "நிமிடத்துக்கு எத்தனை சுற்று?" என்று கேளுங்கள். விடை சொல்ல முடியாத யந்திரத்தின் முன் நிற்காதீர்கள்.

உங்கள் கைகள் நலமாயிருக்கட்டும், தொழில் சிறக்கட்டும்.